துடைக்காமல் உடைத்த டைல்

மாப்ள,

போன ஞாயிறு பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பிட்டுக் கை கழுவப் போனால், சுவரில் உன் ராஜா. ஒட்டகத்தின் மேல் அவன், பின்னால் யாழோடு அந்தப் பெண், எதிரே மான். வளைகுடாவில் நீ கண்ணாடி துடைத்த மியூசியத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பினாயே, அந்தப் பழைய பாரசீக டைல், அதே படம். கம்ப்யூட்டர் பிரிண்ட். மேலே மஞ்சளாய் ஒரு மலிவுப் பளபளப்பு. அவள் முகத்தில் ஓட்டை போட்டு சுவிட்ச் பெட்டி. மானின் மேல் வெற்றிலை எச்சில்.

"அரபு டிசைன் சார்" என்றார் மேனேஜர். பாரசீகம் என்றேன். "எல்லாம் துபாய் சரக்குதான் சார்."

கதையை நீதான் சொன்னாய். ஒரே அம்பில் மானின் காதையும் காலையும் சேர்த்துத் தைக்கிறான். மான் பாவம் என்கிறாள் அவள். அதற்காக அவளைத் தள்ளி, ஒட்டகத்தை விட்டு மிதிக்க வைக்கிறான். "இவனெல்லாம் ஒரு ராஜாவா?" என்றேன். "அவனை விடு மாப்ள, இத்தனை நூறு வருசம் கழிச்சும் மினுக்குது பாரு, அதைப் பாரு" என்றாய்.

லீவில் உன் ஊர் லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்தபோது, ராஜாவை விட்டுவிட்டு அவளை மட்டும் ஒரு வெள்ளை டைலில் வரைந்தாய். மைக்குப் பதில் செம்பு உப்பும் வெள்ளி உப்பும் களிமண்ணில் குழைத்த உன் கலவை; சுட்டால் அந்தப் பழைய டைல் மாதிரியே மினுக்கும் என்றாய். அரியலூர் சிமெண்ட் ஆலை லேபில் நான் சுட்டுத் தருவதாகப் பேச்சு. மூடிய பெட்டிக்குள் மரத்தூள் போட்டுப் புகையிலேயே சுட்டேன். நீ ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம் வெளியே எடுத்தேன். சேறு பூசிய மாதிரி இருந்தது. தேறாத சாம்பிள் எங்கள் லேபில் பொடியாக்கும் கிரஷருக்குத்தான் போகும். போட்டுவிட்டேன்.

நீ வந்தாய். "உடைச்சிட்டியா? ராஜா ஒட்டகத்தை விட்டான், நீ மெஷினை விட்டுட்ட." பிறகு மெதுவாகக் கேட்டாய்: "மேல இருந்த மண்ணைத் தொடச்சுப் பாத்தியா?"

துடைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நான் இன்ஜினியர் அல்லவா, அதைச் சொல்ல முடியுமா? "பாத்தேன்டா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்ப என் கலவைதான் தப்பு" என்றாய். அன்று மாலையே பிளைட் பிடிக்கத் திருச்சிக்குக் கிளம்பிவிட்டாய்.

மறுநாள் கிரஷரைச் சுத்தம் செய்தபோது இடுக்கில் நகம் அளவுக்கு ஒரு சில்லு. கட்டை விரலால் தேய்த்தேன். மண் உதிர்ந்து, செம்பு நிறத்தில் மின்னியது. யாழின் ஒரு நரம்பு. போன் பண்ண வெட்கம். அடுத்த லீவில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த லீவு வருவதற்குள் நீ இறந்துபோனாய்; உன்னை வளைகுடாவிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

துடைத்துப் பார்த்தேன் என்றது பொய். கலவை சரியாத்தான் வந்துச்சுடா. இதைக் கேட்க வேண்டியவன் நீ ஒருத்தன்தான். அதனால் இந்த ஒரு வரி இன்னும் என்னிடமே கிடக்கிறது.