பெட்டிச்சாமிக்கு எத்தனை வயது

ஆவணி 3, செவ்வாய்

காலையில் மலைப் பக்கம் மூட்டம். சாரல் வருவதுபோல வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. கம்பெனிக்கு லீவு சொல்லியாயிற்று. தம்பி மகள் நந்தினி கல்யாணம் முடியும்வரை பேண்டேஜ் துணி பில் எல்லாம் அந்தப் புதுப்பெண் பார்த்துக்கொள்வாள். பார்ப்பாளா? கடவுளே.

வேலைகள்: பூக்காரருக்கு ஞாபகப்படுத்த. நந்தினி ஜாக்கெட் வாங்க. வீட்டுப் பத்திரம் ஜெராக்ஸ் (பட்டா மாற்ற வேண்டுமாம், தம்பி கணேசன் நச்சரிப்பு). பெட்டிச்சாமிக்குப் பாவாடை சட்டை.

கடைசி வேலையை முதலில் முடித்தேன். பூஜை அலமாரி மேல் ஓர் ஓலைப்பெட்டி. கல்யாணம் ஆகாமலே போய்ச்சேர்ந்த ஒரு பெண் இந்தக் குடும்பத்தில் உண்டு, அவள்தான் எங்களைக் காக்கிற வீட்டுச்சாமி. ஒவ்வொரு தைக்கும், கல்யாணம் என்றால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும், பெட்டியைத் திறந்து அவளுக்குப் புதுத்துணி வைப்போம். முன்பு வைத்ததை எடுத்து ஒருவருக்கு உடுத்தக் கொடுப்போம். பெயர் தெரியாது. பெட்டிச்சாமி, அவ்வளவுதான். துணி எடுப்பது அம்மாவுக்குப் பிறகு என் வேலை.

கடைப்பெண் கேட்டாள், "பிள்ளைக்கு என்ன வயசுக்கா?"

"எட்டு."

"கூட்டிட்டு வந்திருந்தா அளவு பாத்திருக்கலாம்லா?"

"அவ வர மாட்டா தாயி. கும்பிடுற பிள்ளை."

பாவம், துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். வாசலுக்கு வந்து சிரித்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்கும்போதுதான் உறைத்தது. எட்டு என்று எனக்கு யார் சொன்னது?

ஆவணி 4, புதன்

வெயில். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. "செத்த நேரம் உக்காருங்கக்கா, வந்துரும்." வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் பத்திரக் கட்டைப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரம், மடிப்பெல்லாம் கிழிசல். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக. எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும், எங்கிருந்தாலும்.

எழுதிக் கொடுத்தவர்: வெள்ளையம்மாள், வயது சுமார் ஐம்பது. ஜீவனம் பருத்தி வியாபாரம். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை என் தாத்தாவுக்குக் கொடுக்கிறார். "என் தமையன் குமாரனாகிய உன்பேரில் எனக்குள்ள பிரியத்தினால்."

நாங்கள் இன்றைக்கும் குடியிருக்கிற வீடு! தாத்தா கட்டினது என்று அப்பா பெருமையடிப்பாரே!

கீழே பெருவிரல் ரேகை. என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிது. புருஷன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தகப்பன் பெயர். அப்படியென்றால் தாத்தாவின் அத்தை. கல்யாணம் ஆகாதவர்.

நம் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் போன பெண்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

கரண்ட் வந்துவிட்டது. கடைக்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லையாம் எனக்கு.

கணேசனிடம் காட்டினேன். "அது வேற யாரோ அக்கா. பெட்டிச்சாமி சின்னப் பிள்ளைலா?" என்றான். அவன் மனைவி செல்வி தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆவணி 6, வெள்ளி

தலைவலி. சுக்குக் காபி. பூக்காரர் சரி என்றுவிட்டார். நந்தினி ஜாக்கெட் கை இறுக்கம், திரும்பக் கொடுத்தாயிற்று.

இதை ஏன் பிடித்துத் தொங்குகிறேன்? இங்கேயாவது உண்மையை எழுதலாம். எனக்கு ஐம்பத்தேழு. ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்காத வயது வந்துவிட்டது, அது ஒரு நிம்மதி. தம்பி குடும்பம் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் அந்த விரல் ரேகையைப் பார்த்ததிலிருந்து ஒரே நினைப்பு. சம்பாதித்து, வீடு கட்டி, அண்ணன் மகனுக்குப் பிரியமாக எழுதிக் கொடுத்த மனுஷிக்கு நாங்கள் பாவாடை வாங்கிக்கொண்டிருக்கிறோமோ? நான் போன பிறகு எனக்கும் இதே கதிதானோ? பெயர் போய்விடும், எட்டு வயதுப் பாவாடை வந்துவிடும்.

அடுத்த வெள்ளி பெட்டி திறக்க வேண்டும். அதற்குள் அவர் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

ஆவணி 8, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன். பஸ்ஸில் கூட்டம். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். "உக்காருங்க பாட்டி." அடப்பாவி! இருந்தாலும் உட்கார்ந்தேன்.

மடவார் வளாகத்தில் சித்தப்பா வீடு. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, எண்பது தாண்டியவர். குடும்பத்தில் மிச்சம் இருக்கிற பழைய ஆள் இவர் ஒருவர்தான். காது மந்தம், வாய் மந்தமில்லை. பத்திர நகலைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"வெள்ளையம்மா ஆச்சியா? ஏட்டி சொர்ணம், அவியதானட்டி ஒங்க பெட்டிச்சாமி!"

"எட்டு வயசுப் பிள்ளைன்னுல்லா எங்க வீட்ல சொல்லுதோம்?"

"எட்டு வயசா! அவிய கண்ண மூடுறப்போ தலை வெள்ளவெளேர்னு கெடந்துச்சு. நான் சின்னப்பய. நெய்ப்பந்தம் புடிச்சதே நாந்தான்."

காபியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஆச்சி பருத்தி மூட்டைமேல் உட்கார்ந்து வண்டியில் இங்கே வருவாராம். மடியில் பொரிகடலை, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி. விலை பேச உட்கார்ந்தால் எதிராளி எழுந்திருக்க முடியாதாம்.

"ஏன் சித்தப்பா கல்யாணம் கட்டிக்கல?"

"அத யாரு கேக்க? கேட்டா வெத்தலையத் துப்பிட்டு, 'ஒஞ் சோலியப் பாருலே'ம்பாவ."

அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அந்த மனுஷியை.

"சரி, பாவாடை எப்படி வந்துச்சு?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் ஒன்னாலதான்."

"நான் என்ன செஞ்சேன்?"

"மொதல்ல சேலைதான் வச்சாவ. எடுக்குற சேலைய வீட்டுப் பொம்பளைய உடுத்துவாவ. ஒரு தைக்கு நீ, நானுந்தான் சாமித்துணி உடுத்துவேன்னு தரையில உருண்டே. ஒனக்கு எட்டு வயசு இருக்கும். அடுத்த தடவ ஒங்கம்மா ஒன் அளவுக்கே பாவாடை எடுத்து வச்சாவ, பொறவு நீ உடுத்தணும்னு. அம்புட்டுத்தான். அதே அளவு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

எட்டு வயது பெட்டிச்சாமிக்கு இல்லை. எனக்கு.

ஞாபகம் வந்துவிட்டது. பச்சைப் பாவாடை, மஞ்சள் கரை, கற்பூர வாசம். நெளிநெளியாக மடிப்பு விழுந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு தெருவையே அளந்தேன். ஏன் அவ்வளவு சின்னதாக எடுத்தாள் என்று அம்மாவை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சாமிக்கு வாங்கும்போதும் என்னை நினைத்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுகையும் சிரிப்பும். பக்கத்து அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் முறுக்கில் பாதி ஒடித்துக் கொடுத்தாள்.

நன்றி: சித்தப்பா. அம்மா. பத்திரம் எழுதினவர். கரண்ட்டை நிறுத்தினவர். முறுக்கு அம்மாள். பாட்டி என்று சொன்னாலும் அந்தப் பையனும்.

ஆவணி 10, செவ்வாய்

காற்று. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. வீட்டில் சண்டை.

இந்தத் தடவை சேலை வைப்போம் என்றேன். கணேசன் முகம் மாறிவிட்டது. "அம்மா செஞ்ச மாதிரியே செஞ்சிருவோம் அக்கா. கல்யாண நேரம். எதையாவது மாத்தி, பிள்ளைக்கு ஒண்ணுன்னா?"

பயம் அவனுக்கு. புரியாமல் இல்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "குடியிருக்க வீடு குடுத்த மனுஷிக்குப் பாவாடையா வைக்கிறது லே?" தெருவுக்கே கேட்டிருக்கும். நந்தினி உள்ளே போய்விட்டாள். கல்யாணப் பெண், பாவம்.

செல்வி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் கேட்டாள், "மதினி, அவிய என்ன கலர் உடுத்துவாவ?"

கணேசன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சித்தப்பாவுக்கு போன் போட்டேன். போனைத் தலைகீழாகப் பிடித்திருப்பார் போல, கத்தினார். "அரக்கு! வேற நெறம் நான் பாத்ததே கெடையாது!"

சாயங்காலம் கணேசன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. "ஜெராக்ஸ நானும் படிச்சேன் அக்கா. பிரியத்தினால்னு எழுதியிருக்கு."

சாப்பிடும்போது, "நாளைக்குக் கடைக்கு நான் வண்டில கொண்டு விடுதேன்," என்றான்.

ஆவணி 13, வெள்ளி

விடிகாலையில் உண்மையாகவே சாரல். முற்றம் நனைந்தது. கல்யாண வீட்டுக்கு நல்லது என்றாள் பால்காரி.

பெட்டியை இறக்கினோம். தையில் வைத்த பாவாடையும் கடையில் புதிதாக வாங்கினதும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு. அதற்கு ஒரே குதிப்பு. அரக்குச் சேலையை மடித்து வைத்தால் பெட்டி மூடவில்லை. இத்தனை வருஷம் பாவாடைக்குப் பழகின பெட்டி. செல்வி வேறு மாதிரி மடித்து அமுக்கி வைத்தாள்.

கணேசன் கற்பூரம் காட்டினான். எப்போதும் "பெட்டிச்சாமி தாயே" என்பவன், கொஞ்சம் தயங்கி, "வெள்ளையம்மா ஆச்சி," என்றான். "பேரு தெரியாமலே ஒங்க வீட்ல இருந்துட்டோம். பிள்ளைய நல்லா வச்சிருங்க."

எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். எழுந்திருக்க முட்டி மக்கர். நந்தினி கை கொடுத்தாள்.

"அத்தை, தையில இந்தச் சேலைய எடுத்து யாரு உடுத்துவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்த செல்வி சொன்னாள். "இதுல என்ன கேள்வி? அந்த அத்தை சேலை இந்த அத்தைக்குத்தான்."

அரக்கு ஜாக்கெட் துணி, ஒரு மீட்டர். திங்கட்கிழமை கடைக்குப் போகும்போது மறக்கக் கூடாது.