குளிர் அறையில் உன்னோடு பேசுகிறேன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

பயப்படாமல் படி. மீன் பெட்டி அடுக்கும் குளிர் அறையில் நாள் முழுக்கத் தனியாகத்தான் வேலை. அங்கே உன்னோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பேன். யாரோ சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுக்க, கம்பெனி என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டது. நல்லவேளை, தமிழ் பேசுகிறவர்.

"நாலு பேரு செய்யாததைச் செஞ்சா மட்டும் கோளாறுன்னு சொல்லிட மாட்டோம்" என்றார். "அதனால உங்களுக்கு வேதனையா இருக்கா, வேலை கெடுதா, யாருக்காவது ஆபத்தா, அதையெல்லாம் பார்ப்போம்."

"அப்படி எதுவும் இல்லைங்க."

பேனாவை மூடியபடி கேட்டார்: "அவங்க பதில் சொல்றாங்களா?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் "இல்லைங்க" என்று சிரித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. பாப்பா கிறுக்கிய காகிதம் இருந்தால் அதையும் வை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் போடு. போன வாரம் பெட்டிகள் சரிந்தன, எனக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்கு முந்தின நொடி, என் முதுகுக்குப் பின்னால் "நகருங்க" என்றது நீதானே?