அக்கா நலமாக இருக்கிறாள்

நேற்று கம்பெனித் தபால்களோடு எனக்கென்று தனியாக ஓர் உறை வந்தது. உங்கள் அண்ணன் மகள் எழுதியிருந்தார். கோடையில் நீங்கள் இறந்துவிட்டீர்களாம். கடைசிவரை உங்கள் கட்டிலருகே இருந்த புகைப்படத்தையும் உள்ளே வைத்திருந்தார். என் அக்கா. பெருமாநல்லூர் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அரக்குப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படத்தின் பின்னால் ஆங்கிலத்தில் உங்கள் கையெழுத்து: ‘என்னால் பிழைத்தவள்.’

நர்சம்மா, எனக்கு வயிறு எரிகிறது.

சம்பளம் வாங்காமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கக் கடல் தாண்டி வந்தீர்கள். இரண்டு வருஷம் இருந்தீர்கள். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த நான், உங்களுக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னேன். ‘வாய் சொல்வதை விடு, முகத்தைப் பார். முகம் பொய் சொல்லாது’ என்பீர்கள். எங்கள் ஊர் முகங்களை உங்களுக்குத் தெரியாது. உபகாரம் செய்ய வந்தவரிடம் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்தவர்கூட உங்களைக் கும்பிட்டு, சொகமாயிடுச்சுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துதான் முனகுவார். நானும் சுகமாம் என்றே சொல்லிவந்தேன். உங்கள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

அக்கா ஜின்னிங் மில்லில் பஞ்சில் தூசி பொறுக்கினாள். அவளுக்குக் காசநோய் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். மாத்திரை அவள் குடலைப் புரட்டியது. வாந்தி எடுத்துக்கொண்டு வேலையில் நிற்க முடியாமல், இரண்டாம் மாதமே அதை நிறுத்திவிட்டாள். அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் நீங்கள் கேட்டபோது அவள் சிரித்தாள், நான் நலம் என்றேன்.

நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் படம் எடுக்க அவளைக் கூப்பிட்டீர்கள். நீங்கள் கேமராவைச் சரிசெய்யும்வரை மூச்சை அடக்கி இருமலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்ததும் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். போய்ப் பார்த்தால் முந்தானையில் ரத்தம். உங்களிடம் சொல்லத் திரும்பிய என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சொல்லிப்போடாத கண்ணு. அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்க. போற நேரத்துல மனசு நொந்து போவாங்க.”

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜீப்பில் ஏற்றிக் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். மறுவாரம் மாலை போட்டு உங்களை ரயிலேற்றினோம். அந்த மாலையைக் கட்டியது அக்காதான். ஐப்பசி மழை பிடித்தபோது அவள் போய்விட்டாள்.

என் மேல் இருக்கிற கோபத்தில் பாதி உங்கள் மேலும் உண்டு. இரண்டு வருஷத்தில் எங்கள் பேச்சில் பத்து வார்த்தை கற்றிருக்கக் கூடாதா? அவள் இளைத்துக்கொண்டே போனாளே, ஒரு தடவை எடை போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? சிரித்தால் போதும் உங்களுக்கு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வாழ்த்து வந்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று தவறாமல் கேட்டீர்கள். பனியன் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவளுக்கு ஒரு பொய் எழுதுவதா கஷ்டம்? நலம் என்று எழுதினேன். ஒரு வருஷம் அவளுக்குக் கல்யாணம்கூட செய்துவைத்தேன். அடுத்த வருஷம் பையன் பிறந்தான். நீங்கள் அவனுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினீர்கள். திருப்பூர் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! அது இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

உங்கள் அண்ணன் மகள் ஒரே ஓர் உதவி கேட்டிருக்கிறார். இந்தச் செய்தியை அக்காவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். அத்தைக்கு அவள் என்றால் உயிராம். இந்த முறையாவது உண்மையை எழுதிவிடுவது என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதி, இன்று காலைத் தபாலில் சேர்த்தும் விட்டேன்.

‘அக்காவிடம் சொன்னேன். உங்கள் அத்தை பின்னிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் அழுதாள்.’