பூச்சு காயாத வீடு

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரி வேளைக்குச் சாப்பிடுகிறாளா? அங்கே வெயிலா, மழையா? இங்கே இரண்டும் ஒரே நாளில் வருகிறது. காலையில் சட்டையைக் கழற்றிப் போட்டால் சாயங்காலம் போர்வையைத் தேட வேண்டியிருக்கிறது. போன இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. போட்டால் படிப்பேன்.

ஒரு விஷயம் சொல்ல உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் டெய்லர் வீட்டு மதில் கதை. போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. நான் கட்டினதுதான். ஆள் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவரோ, "மேஸ்திரி, மதில் சாயல, குனிஞ்சு உங்களுக்கு வணக்கம் வைக்குது" என்கிறார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன். உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "மதில் கதைய யாரு கேட்டா, கினிப்பன்னி கதைக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் அந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பின அன்று, உன் பாப்பா நம்மை விட்டுப் போய் இருபது நாள். பஸ்ஸில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாய். "அண்ணே, அவ வளர்த்த இந்த ரெண்டு கினிப்பன்னியையும் மட்டும் விட்டுடாதீங்க." நான் தலையாட்டினேன்.

கண்ணாடி போட்ட மாதிரி கண்ணைச் சுற்றி வட்டம் இருப்பதால் ஒன்று டீச்சர், தின்றுகொண்டே தூங்குவதால் மற்றது மூட்டை. பாப்பா வைத்த பேர். இரண்டும் முற்றத்தில் மரப்பெட்டியில்தான் இருந்தன. மழைக்காலம் வந்ததும் பெட்டிக்குள் சாரல் அடித்தது. கொத்தனாருக்கு வேறு என்ன தோன்றும்? செங்கல்லில் வீடு கட்டினேன். உள்ளே வழவழவென்று சிமெண்ட் பூச்சு, தரையும் சிமெண்ட், காற்றுக்கு இரண்டு ஓட்டை. பூச்சு இறுக ஏழு நாள் தண்ணீர் விட்டேன். "நம்ம வீட்ட விட நல்லா இருக்கு, நான் அங்க குடி போயிடவா" என்றாள் உன் அண்ணி.

எட்டாம் நாள் மத்தியானம் வரை நெருப்பு வெயில். தொட்டுப் பார்த்தேன், மேலே காய்ந்திருந்தது. மூன்று மணிக்கு வானம் கறுத்தது. இரண்டையும் தூக்கி உள்ளே விட்டேன். தம்பி, முப்பது வருடமாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் சொல்வது ஒரே பேச்சுதான். "பூச்சு காயாம குடி போகாதீங்க, உள்ள ஈரம் நிக்கும், நெஞ்சுல சளி கட்டும்." அதைச் சொன்ன நான்தான் விட்டேன். மூன்று நாள் மழை, குளிர். தினமும் தரையில் பரப்பியிருந்த வைக்கோலின் மேலே தொட்டுப் பார்த்தேன். அடியில் கையை விடவில்லை. அடியில் சொதசொதவென்று ஊறிக் கிடந்திருக்கிறது.

நாலாம் நாள் மூட்டைக்கு மூச்சு இழுத்தது. துண்டில் சுற்றி மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். "இது எலியா முயலான்னு மொதல்ல சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் துண்டுக்குள் அசைவு நின்றது.

கொய்யா மரத்தடியில் புதைத்தேன். மண்ணை மூடிவிட்டுப் பார்த்தால், பூச்சுக் கரண்டியால் மட்டமாகத் தேய்த்து முடித்திருக்கிறேன். கைப்பழக்கம். அழுகை வரவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் வரவில்லை. பெரியப்பன் மனசு கல் என்று அப்போது சிலர் பேசினார்கள். இருக்கலாம்.

செங்கல் வீட்டை அன்றைக்கே உடைத்தேன். டீச்சர் இப்போது பழைய மரப்பெட்டியில். நாலு கல் வைத்து உயர்த்தி மேலே தகரம் போட்டிருக்கிறேன். காலையில் மரத்தடி, வெயில் ஏறினால் சுவரோரம், காற்று திரும்பினால் வீட்டுக்குள். ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்குகிறேன். "என்னை ஒரு நாளாவது இப்படி நிழலுக்கு நகர்த்தியிருக்கீங்களா" என்று உன் அண்ணி கேட்கிறாள். ஜோடி போனதிலிருந்து அது சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. கேரட்டைத் தொடவில்லை. டாக்டர் வேறு ஒன்றை வாங்கிக் கூட விடச் சொன்னார். உன்னைக் கேட்காமல் வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நேற்று பால்காரர் கேட் தாழ்ப்பாளை இழுத்தார். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து இழுப்பாளே, அதே கிறீச். டீச்சர் ஓடிவந்து பெட்டிக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, வீக் வீக் என்று கத்தியது. பால்காரர் போனபிறகும் நின்றது. அப்புறம் கொஞ்சம் புல் தின்றது.

அந்தத் தாழ்ப்பாளுக்கு நான் எண்ணெய் போடவில்லை. இனியும் போட மாட்டேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணி வெளியிலிருந்து கூப்பிடுகிறாள், "இருட்டிக்கிட்டு வருது, டீச்சரத் தூக்குங்க" என்று. இதோ போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக இருங்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்கள் இரண்டு பேரும் வந்து அந்தத் தாழ்ப்பாளை இழுங்கள்.