சௌமியாவின் ஈரப்பாதம்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நளினிக்கு,

நானும் சௌமியாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், தலை பின்னும்போது சண்டை போடுகிறோம். வேறு குறை இல்லை. நீ அங்கே மானாமதுரையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுக் கேட்டு, உன் அக்கா அலமுவுக்கு என் குரலே அலுத்திருக்கும். போன் எடுக்க உனக்குத் தெம்பில்லை என்கிறார். அதனால்தான் கடிதம். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

சின்னத் துணிகளையெல்லாம் பக்கத்து வீட்டு சுசீலா அக்காவிடம் கொடுத்து வைத்துவிட்டேன். நீ வந்தால் கண்ணில் படாது. ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறும் கையோடு ஆட்டோவில் வந்த அன்றே செய்திருக்க வேண்டியது. இந்த மண்டைக்கு ஆறு மாசம் கழித்துத்தான் உறைத்தது. ஜங்லிகாட் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குக் குறைவில்லை. மழையில் படகு எஞ்சின்கள் வரிசையாக வந்து படுத்திருக்கின்றன.

இனி சௌமியாவின் கால் விஷயம். கெண்டைக்கால் வலிக்கிறது என்று விளையாட்டு பீரியடில் உட்கார்ந்துவிடுகிறாளாம், மிஸ் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் காட்டினேன். தட்டைப் பாதம், கெண்டைச் சதையும் இறுகியிருக்கிறது என்றார்கள். அப்பன் சொத்து. போலீஸ் செலக்‌ஷனில் என்னை ஓடக்கூட விடாமல், பாதத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பிய கதை உனக்குத் தெரியும். நிலமோ நகையோ சேர்க்காதவன், பிள்ளைக்கு இதையாவது கொடுத்திருக்கிறேன்.

பிசியோதெரபி மேடம் பெங்காலிக்காரர். ஹிந்தியில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை முன்னால் மடக்கி, மற்றதைப் பின்னால் நீட்ட வேண்டும். பின்னங்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முப்பது எண்ணும்வரை அப்படியே சாய்ந்து நிற்க வேண்டும். காலுக்கு மூன்று தடவை, காலையும் மாலையும். நானும் கூடவே நிற்கிறேன். அவள் ஏக், தோ, தீன் என்று எண்ணி, பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குத் தாவிவிடுகிறாள். சுசீலா அக்கா எட்டிப் பார்த்து, என்ன தம்பி, வீட்டை லம்பா லைன் ஏரியாவுக்குத் தள்ளிக்கிட்டுப் போகப்போறீங்களா என்று கேட்டார்.

முதல் வாரம் மாட்டேன் என்று ஒரே அழுகை. அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒழுங்காகச் செய், பாதத்தில் வளைவு விழுந்ததும் அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். மிட்டாய் காட்டுகிற மாதிரி நினைத்துத்தான் சொன்னேன்.

அதோடு அழுகை நின்றது. தினமும் குளித்துவிட்டு வந்து சிமெண்டுத் தரையில் கால் பதித்துக் குனிந்து பார்ப்பாள். ஈர அச்சு தோசைக்கரண்டி மாதிரி முழுசாக விழும். போய் யூனிஃபார்ம் போட்டுக்கொள்வாள்.

போன வியாழக்கிழமை, பப்பா, ஆ கயா, வந்துடுச்சு என்று ஒரே கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்பக்கம் அழகாக வளைந்திருந்தது. நானும் மடையன், கை தட்டினேன். அம்மாவுக்குப் போன் போடு என்றாள். போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அம்மா கப்பல் ஏறியிருப்பாங்க, கடலில் சிக்னல் கிடைக்காது என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

நேற்றுக் கணுக்கால் வீங்கி நொண்டினாள். பிறகுதான் ஒத்துக்கொண்டாள். பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி அந்த அச்சை வைத்திருக்கிறாள். அது பொய்யாகிவிடக் கூடாதென்று, பள்ளிக்கூடத்திலும் இரண்டு நாளாக ஓரத்திலேயே நடந்திருக்கிறாள், ஏழு வயசுப் பிள்ளை. காட்டப் போனதும் மேடம் என்னைத்தான் திட்டினார். சதை இளகி வலி குறையத்தான் இந்தப் பயிற்சி, வளைவு வந்தாலும் வரும், வராமலும் போகும், அது குழந்தை கையிலா இருக்கிறது, யார் அவளிடம் இப்படிச் சொன்னது என்று கேட்டார். ஹிந்தி புரியாதவன் மாதிரி நின்றேன். இந்தத் தீவிலேயே பிறந்தவன் அப்படி நின்றால் யார் நம்புவார்கள்?

ஐஸ் வைக்கும்போது, நான் சொன்னது பொய் என்று சௌமியாவிடம் சொல்லிவிட்டேன்.  அப்படியென்றால் அம்மா வர, கால் இல்லாமல் நான் வேறு என்னத்தைச் சரி செய்யணும் என்று கேட்டாள்.

நளினி, உடனே கிளம்பி வா என்று சொல்ல இதை எழுதவில்லை. நம்மை விட்டுப் போன குழந்தைக்காக நீ படுத்திருக்கும் நாட்களை எண்ண எனக்கு யோக்கியதை இல்லை. நாலாம் நாளே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவன் நான். அக்கா போனை உன் காதில் வைக்கட்டும், நீ எழுந்துகூட உட்கார வேண்டாம். உன்னால் ஒன்றும் இல்லைடா கண்ணு, அம்மாவுக்குத்தான் முடியவில்லை என்று மட்டும் அவளிடம் சொல். நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல், பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்.

உன் உடம்பு தேறட்டும், மனசு மெல்ல ஆறட்டும்.

என்றும் உன்
நாகமுத்து