பாலத்துக்குக் கீழே அப்பாவின் நடை

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இன்றைக்கு அது நிஜம் என்பதால் எழுதுகிறேன், போன மாதம் எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உன் புருவம் மேலே போவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் நீ என்னை ஒரு பேச்சு முழுதாகப் பேச விடமாட்டாய். பாதி கேட்டதும் கத்துவாய், மீதியைக் கேட்பதற்குள் அழுவாய், அப்புறம் உன்னைச் சமாதானப்படுத்தவே நேரம் போய்விடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதோடு நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் கடைசி வரைக்கும் படி, நடுவில் போனை எடுக்காதே.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியதல்லவா, நானே சரிசெய்கிறேன் என்று அப்பா ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, வீட்டைக் குளமாக்கிய பிறகு குழாய்க்காரரைக் கூப்பிட்டோம். மாடி வீட்டு டீச்சர் ஜன்னல் திரைகள் எல்லாவற்றையும் என்னிடமே தைக்கக் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் சீருடை வேலையும் தலைக்கு மேல் கிடக்கிறது. கண்ணாடியை மாற்றிவிட்டேன், இப்போது ஊசியில் நூல் முதல் தடவையிலேயே ஏறிவிடுகிறது. பூனை வழக்கம்போலத் தையல் மெஷின் மேல்தான் தூங்குகிறது, விரட்டினால் என்னைத்தான் முறைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசும்போது நீ, அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலையை நீட்டிக்கக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்பாதான் இப்போது நன்றாக நடக்கிறாரே, தினமும் பார்க்கிறேனே, அதனால் தைரியமாகச் சரி என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன் என்றாய். நான் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். ஏனென்றால் நீ பார்த்த நடை உன் அப்பாவுடையது இல்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு ஆசையாக வாங்கி அனுப்பினாயே, நடப்பதையெல்லாம் எண்ணித் தானாகவே உன் போனுக்கு அனுப்பும் வாட்ச், அதைக் கட்டிக்கொண்டு இத்தனை நாளும் நடந்தது விசில் மாமா. அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் அவரோடு கண்டக்டராக இருந்த அதே விசில் மாமாதான். கண்டக்டர் என்றால் நாள் முழுக்கப் பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறவர் ஆயிற்றே. அப்பா இன்று கலக்கிவிட்டார் என்று நீ அங்கே மெச்சிக்கொண்ட நாளெல்லாம் இங்கே பஸ்ஸில் நல்ல கூட்டம் என்று அர்த்தம்.

குட்டு உடைந்ததும் உன்னால்தான். ஒரு மத்தியானம் போன் செய்து, அப்பா ஏன் இந்த வெயிலில் விடாமல் நடக்கிறார், உடனே வீட்டுக்கு வரச் சொல் என்று பதறினாயே, நினைவிருக்கிறதா? நான் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சரி, வரச் சொல்கிறேன் என்று உன்னிடம் சொல்லி வைத்துவிட்டேன். அவரை எழுப்பி வாட்ச் எங்கே என்று கேட்கவில்லை, கேட்டால் பட்டை வியர்வையில் அரிக்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன் என்று பழைய பாட்டையே பாடுவார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. வருஷக்கணக்கில் இந்தப் பக்கம் தலைகாட்டாத விசில் மாமா, கொஞ்ச நாளாக வேலை முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போகிறார், என்ன இருந்தாலும் பழகிய பாசம் என்று நானும் தினமும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்.

மறுநாள் காலை அப்பா நடக்கக் கிளம்பியதும் நானும் பின்னாலேயே போனேன். நடக்கப் போன மனிதர் தெரு முனையில் பஸ் ஏறிப் போனார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விசில் மாமாவின் கையில் அவரே வாட்ச்சைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டதும் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அண்ணி, பாப்பா அங்க நிம்மதியா இருக்கட்டும்னுதான் அண்ணி, என்று விசில் மாமா இழுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய விசிலைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பேன். நடக்காவிட்டால் வலி மறுபடியும் வரும், அடுத்த தடவை இப்படித் தப்பிக்க முடியாது என்று டாக்டர் அவ்வளவு சொல்லியும் இந்த விளையாட்டா?

திரும்பி வரும்போது உன் அப்பா பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கேட்கக் கேட்க, கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு ரோட்டுல நடக்கப் பயமா இருக்கு, நடுவுல மயங்கி விழுந்தா கூட்டம் கூடும், எல்லாரும் நின்னு வேடிக்கை பார்ப்பாங்க, பஸ் நின்னுடும், வண்டியில இருந்து அந்த மாதிரி விழுந்தவங்களை எத்தனை தடவை பார்த்திருக்கேன், டிப்போல விழுந்தா தெரிஞ்சவனாவது தூக்குவான், என்றார். உன் அப்பா பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மழையிலும் புயலிலும் ஊரையே ஏற்றிக்கொண்டு போன மனிதர். எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வாலுகிட்ட சொல்லிடாதே, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, என்று கெஞ்சினார். சொல்லத்தான் போறேன், ஆனா அவகிட்ட சொல்றதுக்கு நல்லதா ஒண்ணை நீங்க முதல்ல எனக்குக் குடுங்க, என்றேன். இந்தக் கடிதம் இத்தனை நாள் தள்ளிப்போனது அதனால்தான்.

மறுநாளிலிருந்து அவரை ரோட்டுக்கே கூட்டிப்போகவில்லை. ஆற்றோரமாக ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள், நீ இருந்தபோது அது வெறும் புதர், அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை கொடுக்கப் போனபோது பார்த்து வைத்திருந்தேன். டிப்போ பட்டறைக்குப் பின்னால் தொடங்கி, பெரிய பாலத்துக்கு அடியில் நுழைந்து, ஆறு அகலமாகி ஏரியில் சேருகிற இடத்தில் இருக்கும் பம்பு ஹவுஸ் வரைக்கும் போகிறது. ஒரு பக்கம் நாணலும் தண்ணீரும், இன்னொரு பக்கம் நம் ஊரின் முதுகு. அச்சகத்தின் பின்வாசல், ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம், ஓட்டலின் பாத்திரம் கழுவும் இடம், வீடுகளின் பின்பக்கப் பால்கனிகள், எல்லாம் ஆற்றைப் பார்த்துத்தான் நிற்கின்றன. ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் தைத்தவள் எப்படிப்பட்டவள் என்று தெரியும், ஊரும் அப்படித்தான் போலிருக்கிறது. முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாக மினுக்கிக்கொண்டிருக்கும் ஓட்டலின் சமையல்காரர் பின்வாசலில் ஒரு கவிழ்த்துப்போட்ட டின்மேல் உட்கார்ந்து நீர்க்காகத்துக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பறவையும் வாடிக்கைக்காரர் மாதிரி இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஒரு பால்கனிக் கொடியில் நான் காலர் மாற்றிக் கொடுத்த நீலச் சட்டை காய்வதைப் பார்த்துவிட்டேன், தையல் பிரியவில்லை, எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

உன் அப்பா நடப்பதைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இடதுபக்க ஓரத்தை விட்டு விலகமாட்டார். வளைவு வந்தால் கையை நீட்டுகிறார். யாராவது வேகமாகத் தாண்டிப் போனால், அவனுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு, என்கிறார். வழியில் இருக்கும் பெஞ்சு ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு ஸ்டாப், அச்சகம் ஸ்டாப், சலவை ஸ்டாப் என்று பேர்கூட வைத்துவிட்டார். உட்கார்ந்தால் நான் போலாம் ரைட் என்று சொல்லும்வரைக்கும் எழுந்திருப்பதில்லை. இந்த வயதில் எனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம்தான் இல்லை.

முதல் நாள் பாலம் வரைக்கும்தான் போனோம். பாலத்துக்கு அடியில் குளுகுளுவென்று இருந்தது, தண்ணீரின் வெளிச்சம் மேலே சிமெண்டில் ஆடிக்கொண்டிருந்தது, தூணிடுக்கெல்லாம் புறாக்கள். தலைக்கு மேல் ஒரு பஸ் போனபோது தூண் லேசாக அதிர்ந்தது. அப்பா போய்த் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார், பாலத்துல ஏறினா டிரைவர் கண்ணு ரோட்டை விட்டு நகரக் கூடாது, ஆனா கண்ணாடில பார்த்தா பஸ்ஸுல இருக்கிற அத்தனை தலையும் ஒரே பக்கமாத் திரும்பும், அப்படி என்னத்தைப் பார்க்கிறாங்கன்னு தினமும் நினைப்பேன், இதைத்தானா, என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அந்தப் பாலத்தின் மேல் போனவர், ஒரு தடவைகூட ஆற்றைப் பார்த்ததில்லை. நான் மூக்கைச் சிந்துவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு நாள் பாலத்தைத் தாண்டியதும், அடுத்த பெஞ்சு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஆற்றோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர அங்கே ஆள் இல்லை. அவர் எழுந்து ஓடிவரவில்லை, ஐயோ என்னாச்சு என்று கேட்கவில்லை, தான் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து பாதி இடம் விட்டார். உக்காருங்க, மூச்சு அடங்கட்டும், இங்க யாருக்கும் எந்த அவசரமும் இல்ல, என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். எதிரே தண்ணீரில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது, அதுவும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் கூடவில்லை, ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. மேலே பாலத்தில் பஸ் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மெதுவாக மூச்சு அடங்கியது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன், பயப்படும்படி ஒன்றுமில்லை, இதே வேகத்தில் நடக்கட்டும், உட்கார்ந்து உட்கார்ந்து போகட்டும் என்றார். இனி அப்பா வெளியே வரவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். விழுந்தாக்கூட அங்க விழலாம்மா, என்றார். வாயைக் கழுவுங்க என்று திட்டினேன், ஆனால் அவர் முகத்தில் பயம் இல்லை.

விஷயத்தைச் சொல்வதற்குள் நீ பதறிவிடக் கூடாதென்று இத்தனை நாளும் விசில் மாமாவிடமே விட்டிருந்த வாட்ச்சை முந்தாநாள்தான் வாங்கினேன். டீக்கு மட்டும் இப்போதும் வருகிறார், அதை நிறுத்த மனசு வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவையாகப் பம்பு ஹவுஸ் வரைக்கும் போய்விட்டோம். ஏரி முழுக்க வெயில், தூரத்தில் நம் பஸ் ரோடு நூல் மாதிரி தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றவர், வாலுவுக்கு எழுதிடு, எல்லாத்தையும் எழுது, என்று தானாகவே சொன்னார்.

அதனால் கண்ணே, உன் வேலை விஷயத்தை நீதான் முடிவு செய்ய வேண்டும். வா என்றும் சொல்லமாட்டேன், அங்கேயே இரு என்றும் சொல்லமாட்டேன். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம், வராவிட்டால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கும், இரண்டையும் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் விசில் மாமாவின் காலை நம்பி முடிவெடுக்காதே, உன் அப்பாவின் காலைப் பார்த்து எடு. அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதே. திட்ட வேண்டிய அளவுக்கு நான் திட்டிவிட்டேன், மிச்சம் எதுவும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காதே. நீயும் தினமும் கொஞ்சம் நட, நீயே நட. நோய்நொடி இல்லாமல், மனசில் குறை இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும், உன் அப்பாவும் நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் உன் போனில் வரும் நடைக்கணக்கு முன்னைவிட ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறாதே, அது அவருடைய சொந்த நடை. நேற்றைய கணக்கையும் எடுத்துப் பார். காலையில் கொஞ்சம் நடந்திருப்பார், நடுவில் ரொம்ப நேரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் மறுபடி கொஞ்சம் இருக்கும். அந்த ஒன்றுமே இல்லாத நேரத்தில் உன் அப்பா பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா