கலையாத குறி

1971 பிப்ரவரி 3
வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். தம்பி வீரையன் செத்து ஒரு வருடம். விவசாயக் கூலிகள் சங்கத்தில் நினைவுநாள் கூட்டம் போட்டார்கள். நான் குறட்டை விட்டிருக்கிறேன். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டாராம். தம்பி பெண்டாட்டி எல்லையம்மாள் இடித்து எழுப்பினாள். "நல்லா இருக்கு அண்ணி, சாவுக்கு வந்த லட்சணம்!" பகல் முழுக்க அறுப்பு, பிறகு மூன்று மணி நேரப் பேச்சு. நான் என்ன செய்ய?

பிப்ரவரி 6
கோர்ட்டிலிருந்து காகிதம். கொலை கேசில் நான் சாட்சி.

வீரையன் பண்ணையாரிடம் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டான். அதே வாரம் களம் கூட்டி, அடியில் கிடந்த மண்நெல்லைத் துண்டில் கட்டிக்கொண்டு போனான். அது கூட்டுகிற ஆளுக்குத்தான், எந்தக் களத்திலும் அதுதான் வழக்கம். பண்ணை ஆட்கள் இருபது பேர் 'நெல் திருடன்' என்று வாய்க்கால் கரைத் தென்னையில் கட்டி அடித்தார்கள். நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள்—

ஊருக்கு அவன் இன்னும் நெல் திருடன்தான்.

பிப்ரவரி 9
பண்ணைக் காரியஸ்தர் தியாகராசன் வாசலில் வந்து நின்றார்.

"காளி, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு."

"நான் மூணாங்கிளாஸுங்க ஐயா. அவ்வளவு பெரிய பொய் மனப்பாடம் ஆவாது."

அவர் சிரிக்கவில்லை. "குடிசை யாரு மனையில நிக்குதுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

வீரையன் திருடவில்லை என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கு அவன் களம் கூட்டுமுன் சாணி கரைத்துக் கொடுத்தது நான், அந்தக் கரைசலால் நெல் குவியலைச் சுற்றிக் குறி போட்டது அவர். குறி கலையாமல் ஒரு பிடி நெல் எடுக்க முடியாது. மறுநாள் விடிந்து பார்த்தேன், குறி அப்படியே இருந்தது. ஒரு வருடமாக யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஏன்டி சொல்லல? குடிசை. வேறென்ன.

குடியிருக்கிற மனை ஆட்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போடப்போகிறதாம். போடட்டும். அதுவரைக்கும்?

பிப்ரவரி 10
தூக்கமே வரவில்லை. எனக்கு!

பிப்ரவரி 16
சொல்லிவிட்டேன்.

"குவியலிலிருந்து எடுக்கவில்லை என்று உனக்கெப்படித் தெரியும்?" என்றார் பண்ணை வக்கீல்.

"குறி கலையலீங்க. சாணி கரைச்சவ நான். போட்டவரு அதோ நிக்கிறாரு. துண்டுல இருந்ததுல பாதி மண்ணு. மண்ணத் திருடுனான்னு வேணா கேசு போடுங்க."

தியாகராசன் கூரையைப் பார்த்தார். கோர்ட்டுக் கூரையில் அப்படி என்ன இருந்ததோ.

பிப்ரவரி 18
குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சட்டி மூன்று உடைசல். புறம்போக்கில் எல்லையம்மாள் வீட்டில் இருக்கிறேன்.

ஏப்ரல் 2
இரண்டு பேருக்குத் தண்டனை. பண்ணையாருக்கும் மற்றவர்களுக்கும் விடுதலை. வயிறு எரிகிறது. ஆனால் வீரையன் திருடவில்லை என்று தீர்ப்பில் இருக்கிறது. எல்லையம்மாள் அந்த வரியை மட்டும் சங்கத் தலைவரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். "இன்னொருவாட்டி, தோழர்." அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 24
புதுத் தண்ணீர் வந்துவிட்டது. அவனை அடித்த இடத்தில், வாய்க்கால் கரையில், கல் நட்டோம். 'வீரையன். கூலி கேட்டதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். திருடியவர் அல்ல.'

கொத்தனார் இராஜாங்கம் கல்லைத் திருப்பி வைத்துவிட்டார். எழுத்து ரோட்டுப் பக்கம் இல்லை, வாய்க்கால் பக்கம். கவனித்தபோது சிமெண்டு இறுகிவிட்டது. எதிர்க்கரையில் பண்ணை வீட்டு வாசலில் நின்றால் நன்றாகத் தெரிகிறது. நம் ஆட்கள் படிக்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்க வேண்டும்.

நான் இறங்கிப் படித்தேன். இடுப்பளவு ஆழம். எழுத்துப்பிழை இல்லை.